வால்வு கிட்டார் ஆம்ப் கிட்: ஆர்டர் போடுவது முதல் டோன் சரிசெய்வது வரை

முதன்முதலாக வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் சூடாகும் கண்ணாடிக் குழாய்கள் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) கட்டப் போகிறீர்கள் என்றால் ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 வகைக் கிட்டை எடுங்கள். மூன்றே வால்வு: முன்பகுதிக்கு ஒரு 12ஏஎக்ஸ்7, பவருக்கு ஒரு 6வி6ஜிடி, ஏசியை டிசி ஆக்க ஒரு 5ஒய்3ஜிடி. ஒரே ஒரு வால்யூம் குமிழ். வெளிவருவது சுமார் 5 வாட். வீட்டுக்கு அது தாராளம், அக்கம்பக்கத்தாருக்கு அதிகம். ரெசிஸ்டர், கெபாசிட்டர் எல்லாம் சேர்த்தாலும் இருபதைச் சுற்றித்தான் வரும் என்பதால், ஏதாவது தப்பானால் தேட வேண்டிய இடமும் குறைவு. எடுத்த எடுப்பில் நாலு வால்வு, ரிவெர்ப், டிரெமலோ என்று பெரிய கிட்டுக்குப் போகிறவர்கள் பாதியில் மூட்டை கட்டி வைப்பதுதான் அதிகம்.

தொடங்கும் முன் ஒன்று. இந்தப் பெட்டிக்குள் 340 வோல்ட் டிசி ஓடும். வால்வு சூடாகும் முன் சில நொடிகள் 450 வரைகூடப் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் (டிசியைச் சீராக்கும் பெரிய கெபாசிட்டர்கள்) அது தங்கியிருக்கும். ஆளைக் கொல்லப் போதுமான மின்சாரம் இது. கீழே எட்டாவது பகுதியின் கடைசியில் வரும் டிஸ்சார்ஜ் முறையை (அந்த மின்சாரத்தை வடிக்கும் வழி) வரி விடாமல் படித்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

1. ஆர்டர் போடும் முன்: டிரான்ஸ்ஃபார்மரை விசாரியுங்கள்

இந்தக் கிட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் விற்பவை. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கிட் பக்கத்தில் 'எக்ஸ்போர்ட்' அல்லது '240 வோல்ட் பிரைமரி' (பிரைமரி என்றால் டிரான்ஸ்ஃபார்மரில் சுவர் மின்சாரம் நுழையும் சுற்று) என்று தனித் தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்காமல் பணம் கட்டிவிட்டு, பொருள் வந்த பிறகு விழிப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

சரி, 120 வோல்ட்டுடையது வந்துவிட்டது, ஸ்டெப்-டவுன் வாங்கிச் சமாளிக்கலாமா? வோல்ட்டேஜை அது சமாளிக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றப்பட்ட டிரான்ஸ்ஃபார்மரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதன் இரும்பு தாங்க வேண்டிய காந்தப்பாய்வு 20 சதவீதம் கூடும். ரீங்காரம் போடும், கை வைக்க முடியாத அளவு சுடும். டிரான்ஸ்ஃபார்மர் மேலேயோ அதன் தாளிலேயோ '50/60' என்று இருந்தால் மட்டும் இந்த வழி.

ஆர்டருக்கு முன் விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள் நான்கு: சர்க்யூட் படம், லேஅவுட் படம், உதிரிபாகப் பட்டியல், டிரான்ஸ்ஃபார்மர் வயர் நிறங்களின் தாள். நான்காவதுதான் மிக முக்கியம். 230 வோல்ட் பிரைமரி வயர்களின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஊகித்து இணைக்கிற விஷயம் அல்ல இது. தாள் அனுப்பத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

போர்டு எதனால் ஆனது என்றும் கேளுங்கள். பழைய ஆம்ப்களில் இருந்த கருப்பு ஃபைபர் போர்டையே பல கிட்டுகள் இன்னும் தருகின்றன. பார்க்க அழகு. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் போர்டே லேசாக மின்சாரம் கடத்தத் தொடங்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் கண்ணாடி இழை எபாக்சி போர்டு கேட்டு வாங்குவது நல்லது. இதே காரணத்துக்காக, பழைய தோற்றத்துக்கென்று விற்கும் கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்களும் வேண்டாம். ஈரப்பதத்தில் அவற்றின் மதிப்பு நகரும். மெட்டல் ஃபிலிம் போதும்.

2. செலவு, கஸ்டம்ஸ், நாள் கணக்கு

கிட் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள். வால்வு, ஸ்பீக்கர், மரப்பெட்டி மூன்றும் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். பல கிட்டுகளில் இவை தனி விலை. பிறகு அனுப்பும் கூலி. இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் இரும்புக் கட்டிகள், எடை ஏறும். மரப்பெட்டி எடை குறைவு என்றாலும் இடத்தை அடைப்பதால், கூரியர்காரர்கள் அளவை வைத்துக் கூலி போடுவார்கள். சேசிஸ் கிட்டை (மரப்பெட்டி இல்லாமல், உலோகச் சட்டமும் உதிரிபாகங்களும்) மட்டும் வரவழைத்து, பெட்டியை ஊர்த் தச்சரிடம் செய்துகொள்வதுதான் கட்டுப்படியாகும். படத்தைக் கொடுத்தால் பைன் மரத்தில் ஒரு வாரத்தில் செய்துவிடுவார். முன்பலகைக்கு மட்டும் பிளைவுட். பின்பக்கத்தை முழுதாக அடைக்க விடாதீர்கள், வால்வு சூடு வெளியேற வேண்டும்.

கஸ்டம்ஸ் வரி பொருள் விலைக்கு மட்டும் அல்ல. பொருள் விலை, அனுப்பும் கூலி, காப்பீடு மூன்றையும் கூட்டிய தொகைக்குப் போடுவார்கள். இந்தியாவில் கூரியர் நிறுவனம் அடையாளச் சான்று கேட்கும். பான் கார்டு அல்லது ஆதார் நகல், பணம் கட்டிய ரசீது, இன்வாய்ஸ் மூன்றையும் பொருள் கிளம்பும்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பதில் தாமதமானால் கிடங்கு வாடகை ஏறும். இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போடச் சொல்லி விற்பவரைக் கேட்பது சட்டப்படியும் தவறு, நடைமுறையிலும் நஷ்டம்: வழியில் வால்வு உடைந்தால் குறைத்துப் போட்ட தொகைக்குத்தான் இழப்பீடு. எல்லாம் சேர்த்து, கடை விலையைப் போல ஒன்றரை மடங்கு ஆகும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் கையைக் கடிக்காது.

கருவிகள்: 40 முதல் 60 வாட் சோல்டரிங் அயர்ன் (25 வாட் போதாது, எர்த் இணைப்புகளில் ஈயம் உருகாமல் திரளும்), ரோஸின் உள்ள 60/40 ஈயம், நோஸ் பிளையர், கட்டர், வயர் ஸ்ட்ரிப்பர், இரண்டு முதலை கிளிப் வயர், 1000 வோல்ட் டிசி தாங்கும் மல்டிமீட்டர். சாலையோரத்தில் கிடைக்கும் மலிவு மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. அதன் புரோப் வயரின் உறை 300 வோல்ட்டைக்கூட நம்பத் தகுந்தது அல்ல.

நேரம்: மொத்தம் 20 முதல் 25 மணி நேரம். எண்ணி அளக்க ஒரு மாலை, போர்டுக்கு இரண்டு, சேசிஸுக்கு ஒன்று, வயரிங்குக்கு இரண்டு. மின்சாரம் கொடுத்துச் சோதிப்பதற்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். வேலை முடிந்த இரவே 'ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்த்துவிடலாம்' என்று தோன்றும். தூக்கக் கண்ணோடு 340 வோல்ட் பக்கம் போக வேண்டாம்.

3. பெட்டியைத் திறந்ததும்: ஒவ்வொன்றையும் அளந்து ஒட்டுங்கள்

உதிரிபாகப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். பிறகு ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்து, ஒரு அட்டையில் குத்தி, பக்கத்தில் மதிப்பை எழுதுங்கள். நிறத்தை மட்டும் நம்பிப் போர்டில் வைக்காதீர்கள்.

ஏன் என்றால், இந்தச் சுற்றில் 22 கிலோ ஓமும் உண்டு, 220 கிலோ ஓமும் உண்டு. 22 கிலோவுக்கு சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு. 220 கிலோவுக்கு சிவப்பு, சிவப்பு, மஞ்சள். டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த மூன்றாவது கோடு ஆரஞ்சா மஞ்சளா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. இரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும்? பவர் சப்ளையில் 22 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 220 போனால் 12ஏஎக்ஸ்7-க்கு வோல்ட்டேஜ் பட்டினி; சத்தம் மெலிந்து, கரகரத்து வரும். 6வி6-இன் கிரிட்டில் (ஒலி சிக்னல் நுழையும் முனை) 220 இருக்க வேண்டிய இடத்தில் 22 போனால் சத்தத்தின் பெரும்பகுதி அங்கேயே வடிந்துவிடும். ஆம்ப் வேலை செய்யும், ஆனால் சோகையாக இருக்கும். 'இவ்வளவுதான் போல' என்று பலர் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். 10 கிலோவும் 100 கிலோவும் இதே ஜாதி: முதல் இரண்டு கோடு பழுப்பு, கருப்பு, மூன்றாவதில்தான் வித்தியாசம்.

4. போர்டு

சிறிய ரெசிஸ்டர் முதலில், பெரிய கெபாசிட்டர் கடைசியில். போர்டுக்கு அடியில் ஓட வேண்டிய வயர்களை அதற்கும் முன்பே வைத்துவிடுங்கள். பிறகு கை போகாது.

எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்குத் திசை உண்டு. மைனஸ் கோடு இருக்கும் முனை எர்த் பக்கம். திருப்பி வைத்தால் வெடிக்கும். பழைய படத்தில் ஃபில்டர்களுக்கு 16, 8, 8 மைக்ரோ ஃபேரட் என்று இருக்கும். இப்போதைய கிட்டுகளில் பொதுவாக 22, 10, 10 அல்லது 16, 16, 16 வரும், தவறில்லை. வோல்ட்டேஜ் மட்டும் 450-ஐவிட 500 நல்லது. சூடாகும் முன் ஏறும் அந்த 450 வோல்ட்டுக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும். முதல் ஃபில்டரை '47 போட்டால் ஹம் (பின்னணி ரீங்காரம்) குறையும்' என்று பெரிதாக்காதீர்கள். 5ஒய்3 அத்தனை பெரிய கெபாசிட்டரை நிரப்பும் மின்னோட்டத்தைத் தாங்கும் வால்வு அல்ல. 20-ஐ ஒட்டியே வையுங்கள்.

6வி6-இன் கேதோடில் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) இருக்கும் 470 ஓம் ரெசிஸ்டர் சுமார் 1 வாட் சூட்டை உமிழும். அது 5 வாட் உடையதாக இருக்கட்டும். போர்டில் படுக்க வைக்காமல் 5 மில்லிமீட்டர் தூக்கி வையுங்கள். அதன் பக்கத்திலேயே இருக்கும் 25 மைக்ரோ கெபாசிட்டரைத் தள்ளி வையுங்கள். ரெசிஸ்டர் சூட்டில் அது சில வருடங்களில் காய்ந்துபோகும்.

கிட்டில் இல்லாத ஒன்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன்: முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் இரு முனைக்கும் குறுக்கே 220 கிலோ ஓம், 3 வாட் ரெசிஸ்டர். ஸ்விட்சை அணைத்த பிறகு கெபாசிட்டரில் தங்கும் மின்சாரத்தை ஒரு நிமிடத்துக்குள் வடித்துவிடும். மூல வடிவமைப்பில் இது இல்லை. விலை சில ரூபாய்.

5. சேசிஸ், மெயின்ஸ், எர்த்

பழைய படங்களில் இரண்டு வயர் மெயின்ஸ் கார்டும், மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு ஒரு கெபாசிட்டரும் இருக்கும். அதைக் கட்டாதீர்கள். அந்தக் கெபாசிட்டர் ஷார்ட் ஆனால் சேசிஸும், கிட்டார் தந்தியும், அதைத் தொட்டிருக்கும் கையும் ஃபேஸில் இருக்கும்.

மூன்று வயர் கார்டு போடுங்கள். பச்சை எர்த் வயருக்குத் தனி போல்ட், அடியில் பல் வாஷர், சேசிஸின் பெயின்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டோடு சேர்க்காதீர்கள். எர்த் வயரை மற்ற இரண்டையும்விட நீளமாக விடுங்கள். யாராவது கார்டைப் பிடித்து இழுத்தால் கடைசியாக அறுவது அதுவாக இருக்க வேண்டும்.

ஃபேஸ் முதலில் ஃபியூஸுக்கு, பிறகு ஸ்விட்சுக்கு, பிறகு டிரான்ஸ்ஃபார்மருக்கு. ஃபியூஸ் ஹோல்டரில் ஃபேஸ் வயர் பின்னால் நுனியில் இருக்கும் முனைக்குப் போக வேண்டும், பக்கவாட்டு முனைக்கு அல்ல. அப்போதுதான் ஃபியூஸ் மாற்றும்போது விரல் ஃபேஸில் படாது. தாளில் 120 வோல்ட்டுக்கு எழுதியிருக்கும் ஃபியூஸில் பாதி அளவு நமக்குப் போதும், ஸ்லோ-புளோ வகை.

வீட்டுச் சுவரில் இருக்கும் எர்த் உண்மையிலேயே எர்த்தா என்று பாருங்கள். ஏசி அளவில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-ஐ ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்டுக்குள்ளும் காட்ட வேண்டும். பழைய வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லாதது சகஜம். அப்படியென்றால் ஆம்ப் வேலையை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

6. வயரிங்: எது எதன் பக்கம் போகக் கூடாது

முதலில் ஹீட்டர் வயர். 6.3 வோல்ட் ஏசி ஓடும் இந்த இரண்டு வயரையும் இறுக்கி முறுக்கி, சேசிஸ் மூலையோடு கொண்டுபோங்கள். 6வி6-இல் பின் (வால்வின் அடியில் இருக்கும் கால்) 2, 7. 12ஏஎக்ஸ்7-இல் பின் 4-உம் 5-உம் சேர்ந்து ஒரு முனை, பின் 9 மறுமுனை. டிரான்ஸ்ஃபார்மரில் ஹீட்டருக்கு சென்டர் டேப் (சுற்றின் நடுவிலிருந்து வரும் வயர்) இல்லாவிட்டால், இரு வயரிலிருந்தும் தலா ஒரு 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டரை எர்த்துக்குப் போடுங்கள். பழைய படம் போல ஹீட்டரின் ஒரு பக்கத்தை நேரே சேசிஸில் கட்டினால் 50 ஹெர்ட்ஸ் ஹம் வீட்டுக்குள் குடியேறும்.

5ஒய்3-க்கு 5 வோல்ட் வயர்கள் பின் 2, 8. உயர் வோல்ட்டேஜ் வயர்கள் பின் 4, 6. டிசி பின் 8-இலிருந்து எடுக்க வேண்டும். 6வி6-இல் பின் 3 பிளேட் (எலக்ட்ரான் வந்து சேரும் தகடு), 4 ஸ்கிரீன் (நடுவில் இருக்கும் இன்னொரு கிரிட்), 5 கிரிட், 8 கேதோட். சாக்கெட்டை அடியிலிருந்து பார்க்கும்போது எண்கள் கடிகாரச் சுற்றில் ஓடும். மேலிருந்து எண்ணினால் எல்லாம் தலைகீழ்.

கிரிட்டுக்குப் போகும் வயர்கள் குட்டையாக, பிளேட் வயர்களை விட்டு விலகி இருக்க வேண்டும். இரண்டும் குறுக்கே போக நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஒட்டி உரசி ஓடக் கூடாது. இன்புட் ஜாக்கிலிருந்து 12ஏஎக்ஸ்7 வரை ஷீல்டு கேபிள் போட்டால் அதன் வலையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

6வி6-இன் பின் 5-இல் சாக்கெட்டை ஒட்டி 1.5 கிலோ ஓம் ஒன்றை வரிசையில் சேர்ப்பது நல்ல பழக்கம். காதில் விழாத உயர் அலைவரிசை ஊளையை அடக்கும்.

7. மின்சாரம் கொடுக்கும் முன் ஓம் சோதனை

வால்வு எதுவும் செருகாமல், கார்டை எதிலும் செருகாமல் அளக்கவும். 12ஏஎக்ஸ்7-இன் முதல் பாதி பின் 1, 2, 3 என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் படத்தில் 6, 7, 8 முதலில் வந்தால் மாற்றிப் படியுங்கள்.

6வி6 பின் 8 முதல் சேசிஸ் வரை 470 ஓம். பின் 5-இல் சுமார் 220 கிலோ. 12ஏஎக்ஸ்7 பின் 3-இல் 1.5 கிலோ. பின் 8-இல் 1.4 கிலோ காட்டும். அது தவறு அல்ல: ஸ்பீக்கரிலிருந்து வரும் 22 கிலோ ஃபீட்பேக் ரெசிஸ்டரும் (வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கை முன்பகுதிக்குத் திருப்பி அனுப்புவது) பக்கத்தில் சேர்வதால் குறைகிறது. சரியாக 1.5 கிலோ காட்டினால்தான் ஃபீட்பேக் வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பின் 2-இல், ஜாக்கில் எதுவும் செருகாதபோது 34 கிலோ. ஜாக் 1-இல் மறுமுனை எதிலும் இணையாத கார்டைச் செருகினால் 1 மெகாவுக்குச் சற்று மேல். இந்த ஒரு சோதனை இன்புட் ஜாக் வயரிங் முழுவதையும் சொல்லிவிடும். புதியவர்கள் அதிகம் சொதப்பும் இடமும் அந்த இரண்டு ஜாக்தான்.

5ஒய்3 பின் 8 முதல் சேசிஸ் வரை அளந்தால் எண் மெல்ல ஏறி 220 கிலோவில் நிற்க வேண்டும் (நீங்கள் சேர்த்த ரெசிஸ்டர்). பூஜ்யத்தை ஒட்டி நின்றால் எங்கோ ஷார்ட். 6வி6 பின் 3-க்கும் 5ஒய்3 பின் 8-க்கும் நடுவே சில நூறு ஓம். அது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்.

8. முதல் மின்சாரம்: குண்டு பல்பு வழியாக

எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு உங்களுக்கும் வேண்டும். ஃபேஸ் வயரின் நடுவே ஒரு பல்ப் ஹோல்டர், அதில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, அதன் பிறகு ஆம்ப் செருகும் சாக்கெட். எல்இடி பல்பு இதற்கு உதவாது; இழை உள்ள குண்டு பல்பே வேண்டும். ஆம்புக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும்.

முதலில் வால்வு இல்லாமல். ஆன் செய்ததும் பல்பு ஒரு கணம் மின்னி அணைய வேண்டும். இப்போது ஏசி அளவுகள்: ஹீட்டரில் 6.3-ஐவிடச் சற்று அதிகம், 5ஒய்3-இன் பின் 2, 8 நடுவே 5-ஐவிடச் சற்று அதிகம். சுமை இல்லாததால் அப்படி. 5ஒய்3-இன் பின் 4-ஐயும் 6-ஐயும் ஒவ்வொன்றாகச் சேசிஸுக்கு அளக்கவும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக, 325-ஐ ஒட்டி வரும். நான்குக்கும் ஆறுக்கும் நடுவே அளக்காதீர்கள். அங்கே 650 வோல்ட் ஏசி இருக்கும். 600 வோல்ட்டோடு நிற்கும் மீட்டர் பல உண்டு, கையிலேயே பொரிந்துவிடும்.

அடுத்து, ஸ்பீக்கரை மாட்டுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட்டேஜ் எகிறி உள்சுற்று பொசுங்கும். பிறகு மூன்று வால்வையும் செருகி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்யுங்கள். பல்பு லேசான ஆரஞ்சில் நின்றால் நல்லது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பல்பை எடுத்துவிட்டு நேரடி மின்சாரம் கொடுங்கள்.

6வி6-இன் சாம்பல் நிறப் பிளேட்டைக் கவனியுங்கள். ஹீட்டரின் ஆரஞ்சு ஒளி நடுவில் தெரியும், அது இயல்பு. கண்ணாடியின் உள்பரப்பில் நீலச் சாயல் தெரிந்தாலும் கவலை இல்லை. ஆனால் பிளேட்டின் தகட்டிலேயே ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி விரியத் தொடங்கினால் உடனே அணையுங்கள். வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுக்கிறது. 25 மைக்ரோ கேதோட் கெபாசிட்டர் தலைகீழா, 470 ஓம் சரியா, 0.022 மைக்ரோ கப்ளிங் கெபாசிட்டர் (12ஏஎக்ஸ்7-இலிருந்து 6வி6-க்குச் சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுப்பது) கசிகிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். கசிவை அறிய 6வி6-ஐக் கழற்றிவிட்டு சாக்கெட்டின் பின் 5-இல் டிசி அளக்கவும். அங்கே பூஜ்யம்தான் இருக்க வேண்டும். வால்வு இழுக்காதபோது சப்ளை வோல்ட்டேஜ் மேலேறும் என்பதால் இந்த அளவைச் சீக்கிரம் எடுத்துவிட்டு அணையுங்கள்.

டிசி அளவுகள், சேசிஸைப் பொறுத்து, ஏறத்தாழ: முதல் ஃபில்டர் 340, இரண்டாவது 300, மூன்றாவது 260, 12ஏஎக்ஸ்7 பிளேட்டுகள் 150 முதல் 180, அதன் கேதோடுகள் 1.2 முதல் 1.5, 6வி6 கேதோட் 18 முதல் 21. பத்து சதவீதம் கூடக்குறைய இருந்தால் பிரச்சினை இல்லை. கருப்பு புரோபைக் கிளிப்பால் சேசிஸில் மாட்டிவிட்டு, சிவப்பை ஒரு கையால் மட்டும் பிடித்து அளக்கவும். மற்றக் கை முதுகுக்குப் பின்னால். காலில் ரப்பர் செருப்பு. வயரைத் தள்ளிப் பார்க்கக் காய்ந்த மூங்கில் குச்சி.

டிஸ்சார்ஜ் முறை: பிளக்கைப் பிடுங்குங்கள். கிளிப் வயரின் ஒரு முனையை முதலில் சேசிஸில் மாட்டி, மறுமுனையை 12ஏஎக்ஸ்7-இன் பின் 1-இல் மாட்டுங்கள். 100 கிலோ பிளேட் ரெசிஸ்டர் வழியாக எல்லா ஃபில்டரும் மெல்ல வடியும். ஒரு நிமிடம் கழித்து முதல் ஃபில்டரில் மீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது கெபாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

9. ஆன் செய்ததும் அலறினால்

வால்வு சூடானதும் கீச்சென்றோ ஊளையிட்டோ பெரும் சத்தம் வந்தால் பதற வேண்டாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வயர் இரண்டும் இடம் மாறியிருக்கும். ஃபீட்பேக் சத்தத்தைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிக்கொண்டே போகிறது. 22 கிலோ ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கழற்றிப் பாருங்கள். அலறல் நின்றால் காரணம் அதுதான். 6வி6 பின் 3-க்குப் போகும் வயரையும் சப்ளைக்குப் போகும் வயரையும் மாற்றிப் போடுங்கள். நிறம் தாளின்படி சரியாக இருந்தும் இப்படி ஆகும். உங்கள் பிழை என்று நினைத்து முழு வயரிங்கையும் பிரிக்காதீர்கள்.

10. பயஸ் கணக்கு

இந்த ஆம்பில் திருகிச் சரிசெய்யும் பயஸ் (பவர் வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்ற அமைப்பு) கிடையாது; கேதோட் ரெசிஸ்டரே தீர்மானிக்கிறது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆம்ப் அணைந்திருக்கும்போது 470 ஓமின் உண்மை மதிப்பை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகு கேதோட் வோல்ட்டேஜையும் பிளேட் வோல்ட்டேஜையும் அளக்கவும்.

உதாரணம்: கேதோட் 20, பிளேட் 345. இருபதை 470-ஆல் வகுத்தால் 42.5 மில்லி ஆம்பியர். இதில் 5 சதவீதம் ஸ்கிரீனுக்குப் போகும். மீதி சுமார் 40. பிளேட்டுக்கும் கேதோடுக்கும் நடுவே 325 வோல்ட். 325-ஐ 0.040-ஆல் பெருக்கினால் 13 வாட். 6வி6ஜிடி-க்குப் பழைய கணக்கில் 12 வாட், பிந்தைய டேட்டாஷீட்களில் 14 வாட் உச்சம். இந்த வகை ஆம்ப் உச்சத்தை ஒட்டித்தான் ஓடும், எனவே 13 ஏற்கத்தக்கது. 14-ஐத் தாண்டினால் 470-க்குப் பதில் 560 போட்டு மறுபடி அளக்கவும். மின்னோட்டம் குறையும்போது பிளேட் வோல்ட்டேஜ் சற்று ஏறும் என்பதால் பழைய எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

வாட் கூடுவதற்கு இரண்டு காரணம் பொதுவாக இருக்கும். ஒன்று, இப்போது தயாராகும் சில 5ஒய்3 வால்வுகள் பழையவை அளவு வோல்ட்டேஜைக் குறைப்பதில்லை. அதனால் சப்ளை 20, 30 வோல்ட் ஏறிவிடுகிறது. இன்னொன்று சுவர். இரவில் 250 வோல்ட் வரும் தெருக்கள் உண்டு. டிரான்ஸ்ஃபார்மரில் 220, 230, 240 என்று டேப் இருந்தால் சில நாட்கள் சுவர் வோல்ட்டேஜைக் குறித்துவைத்துத் தேர்ந்தெடுங்கள். ஹீட்டர் 6.9 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

11. ஹம்

அமெரிக்கக் கையேடுகள் 60, 120 ஹெர்ட்ஸ் என்று பேசும். நமக்கு 50, 100. அடித்தொண்டையில் 'ம்ம்' என்று வருவது 50: ஹீட்டர் வயர், இன்புட், எர்த் வளையம். அதைவிடக் கூர்மையாக 'ஸ்ர்ர்' என்று வருவது 100: ஃபில்டர் கெபாசிட்டர் அல்லது அதன் எர்த் இணைப்பு. வால்யூமைத் திருகும்போது கூடினால் குற்றம் வால்யூமுக்கு முன்னால், மாறாவிட்டால் பின்னால்.

ஹீட்டர் ஹம் விடாப்பிடியாக இருந்தால், ஹீட்டரின் சென்டர் டேப்பையோ இரண்டு 100 ஓம் சேரும் முனையையோ எர்த்திலிருந்து கழற்றி 6வி6-இன் பின் 8-இல் கட்டுங்கள். ஹீட்டர் முழுவதும் 20 வோல்ட் மேலே உயர்ந்து நிற்கும். பெரும்பாலும் ஹம் கேட்டாலும் கேட்காதது போல் அடங்கிவிடும்.

பென்சிலால் 12ஏஎக்ஸ்7-ஐத் தட்டும்போது மணி போல ஒலித்தால் வால்வு மாற்றுங்கள். அதைச் சரிசெய்ய வழியில்லை.

12. டோன்

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் வாசியுங்கள். ஸ்பீக்கர் இளகவும், உங்கள் காது பழகவும் அந்த நேரம் வேண்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

அதிக மாற்றம் தருவது ஃபீட்பேக். 22 கிலோவின் ஒரு முனையில் சின்ன ஸ்விட்ச் வைத்துத் துண்டித்தால் சத்தம் கூடி, சீக்கிரமே கிழியத் தொடங்கும். ப்ளூஸ் வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும். 47 அல்லது 100 கிலோ போட்டால் நடுவாந்தரம்.

அடுத்து 12ஏஎக்ஸ்7-இன் முதல் கேதோட். 1.5 கிலோவுக்குக் குறுக்கே 25 மைக்ரோ போட்டால் கெயினும் பேஸும் ஏறும். 8 அங்குல ஸ்பீக்கர் அந்த பேஸைத் தாங்காமல் குழைவதும் உண்டு. எனக்குச் சரியாகப் படுவது 0.68 அல்லது 1 மைக்ரோ. நடு அலைகளும் மேல் அலைகளும் எழும்பும், அடி குழையாது. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள கிட்டாரில் சேறாக ஒலித்தால் 0.022 கப்ளிங் கெபாசிட்டருக்குப் பதில் 0.01 போடுங்கள். அது 600 வோல்ட்டுக்குக் குறையாததாக இருக்கட்டும்.

ஈயம் தொடாமல் மாற்ற வால்வைத் தட்டிப் பார்க்கலாம். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100 என்றால் 5751-க்கு 70, 12ஏஒய்7-க்கு நாற்பத்துச் சொச்சம். அதே சாக்கெட், அதே பின்கள். சுத்தமான ஒலி நீண்ட நேரம் வேண்டும் என்பவர்களுக்கு 12ஏஒய்7.

ஸ்பீக்கர் 4 ஓம் என்று டிரான்ஸ்ஃபார்மர் சொன்னால் 4 ஓமே போடுங்கள். கையில் 8 ஓம் ஸ்பீக்கர்தான் இருக்கிறது என்றால் இரண்டு டேப்பும் உள்ள டிரான்ஸ்ஃபார்மரை ஆர்டரிலேயே கேட்டிருக்க வேண்டும். 6வி6-ஐயோ 5ஒய்3-ஐயோ மாற்றும் ஒவ்வொரு முறையும் பத்தாவது படியின் கணக்கை மறுபடி போட்டு, எண்ணையும் தேதியையும் மரப்பெட்டியின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.